உடல் இல்லை

தேசம்மாள் பதினொரு முறை அழுத்தியிருந்தாள்.

முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே நாற்பது நொடி இடைவெளி. யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். அதன் பிறகு காத்திருப்பு சுருங்கிக்கொண்டே போனது. இருபது நொடி, பத்து நொடி, நான்கு நொடி. கடைசி இரண்டும் ஒரே நொடிக்குள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நேரே இயந்திரம் ஒரே பதிலைப் பச்சை எழுத்தில் எழுதியிருந்தது: உடல் இல்லை. அபாயம் இல்லை. நிராகரிக்கப்பட்டது.

குமுதினி அந்தப் பதினொரு வரிகளையும் மறுபடி மேலிருந்து படித்தாள். எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியவில்லை. ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே முற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பதிலைச் சொன்ன ஆன்டெனாவை வடிவமைத்தவள் அவள்.

பெருவெள்ளங்களுக்குப் பிறகு சென்னைக்கு அடியில் மூன்று மாடி ஆழத்தில் மழைநீர்ச் சுரங்கம் வெட்டினார்கள். அதைச் சுத்தம் செய்ய இயந்திரங்களையும் இறக்கினார்கள். ஆனால் நகரம் கழித்துப்போடும் சேலைக் கிழிசலும் நைலான் கயிறும் மெத்தைப் பஞ்சும் இயந்திரத்தின் பல்லில் சிக்கிக்கொண்டால், அதை எடுக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டியிருந்தது. அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆறாயிரம் பேர். ஒவ்வொருத்தி கழுத்திலும் வியன் நிறுவனம் ஒரு வில்லையைத் தொங்கவிட்டிருந்தது. வில்லைக்குள் நெற்றிப் பொட்டு அளவில் ஓர் ஆன்டெனா. ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயரே பொட்டுதான். சுரங்கத்தில் திடீரென்று தண்ணீர் ஏறினால் வில்லையின் பொத்தானை அழுத்த வேண்டும். கதவுகள் தாமாக மூடும், ஆட்கள் இறங்குவார்கள். அப்படித்தான் ஏற்பாடு.

தேசம்மாள் அழுத்தினாள். எந்தக் கதவும் மூடவில்லை.

"பாத்தீங்களா, டேட்டா எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றபடி வந்து நின்றார் கோகுல்நாத், வில்லைப் பிரிவின் தலைவர். "வில்லை கிடைச்சது முந்நூறு மீட்டர் தள்ளி. அந்தம்மா கழுத்துல இல்ல. பட்டி அறுந்திருக்கு. கழட்டி எங்கேயோ மாட்டிட்டு உட்கார்ந்திருக்காங்க, தண்ணி வந்துடுச்சு. வியாழக்கிழமை விசாரணையில நீங்க இதைத்தான் சொல்லணும்."

"கழட்டி மாட்டியிருந்தா பொத்தானை யார் சார் அழுத்தினது?"

"தண்ணி. வில்லை உருண்டு கல்லுல முட்டினா அழுந்தும்."

"தண்ணி நாற்பது நொடி காத்திருந்து அழுத்துமா?"

கோகுல்நாத் சிரித்தார். நல்ல மனிதர்தான். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் காவலாளிக்கும் ஒரு துண்டு எடுத்துவைக்கச் சொல்கிறவர். "குமுதினி, நீங்க உருவாக்கின பொட்டை நீங்களே சந்தேகப்பட்டா எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

போகும்போது மேசைமேல் ஒரு சுவரொட்டி மாதிரியை வைத்துவிட்டுப் போனார். சுரங்க வாயில்களில் ஒட்டுவதற்காக அச்சிட்டது. தேசம்மாளின் அடையாள அட்டைப் படம், பெரிதாக்கி. சிரிக்கவா வேண்டாமா என்ற தயக்கத்தோடு கேமராவைப் பார்க்கும் முகம். அடியில் கொட்டை எழுத்து: வில்லையைக் கழற்றாதீர்கள். இவர் கழற்றினார்.

விசாரணைகூட இன்னும் நடக்கவில்லை. தீர்ப்பு அச்சாகிவிட்டது.

*

குமுதினி பொட்டைச் சோதித்தாள். நூறு முறை, இருநூறு முறை. ஆய்வுக்கூடத்தின் நடுவே எதிரொலி இல்லாத அறை ஒன்று உண்டு. சுவர், கூரை, தரை எங்கும் கூர்கூராக நீலப் பஞ்சு. அதற்குள் ஒரு பொம்மை, தலையும் உடலும் மட்டும். மனித உடலில் உள்ள அளவுக்கு உப்பும் நீரும் கலந்த கூழை அதற்குள் நிரப்பியிருந்தார்கள். ஐந்தடி எட்டங்குல ஆணின் அளவு. எவரோ அதற்கு மீசை வரைந்து 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கழுத்தில் பொட்டு எப்போதும்போல அருமையாக வேலை செய்தது. உடல் உண்டு, உடல் உண்டு என்று இருநூறு தடவையும் சொன்னது.

பொம்மையை நம்பிப் பயனில்லை என்று தோன்றியதும் ஆளனுப்பி ஒரு பணியாளரை வரவழைத்தாள். தேசம்மாளின் உயரமும் எடையும் உள்ள ஒருத்தி வேண்டும் என்று கேட்டிருந்தாள். வந்தவள் வெண்ணிலா. தேசம்மாளின் ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவருக்கும் வாழ்க்கைப்பட்டு, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பதினாறு வருடம் சமைத்தவர்கள்.

வெண்ணிலா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேடம் இது, பலாப்பழத்த உள்வெளியா திருப்பினாப்ல கீது! இவுரு யாரு?"

"மாப்பிள்ளைன்னு சொல்வோம்."

"கையும் இல்ல, காலும் இல்ல. பொண்ணு வூட்ல இன்னாத்த பாத்து ஒத்துக்கினாங்க?" சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "எங்க அக்கா கழட்டல மேடம். அத்த மொதல்ல எழுதிக்கோங்க. ஓட்டேரி கேட்டுல அது படத்த ஒட்டி வெச்சிக்கிறாங்க. தெனம் அதுங்கீழ பூந்துதான் வேலைக்குப் போறேன். அதும் பொண்ணு பன்னெண்டாவது படிக்குது, அது ஸ்கூல் பஸ்ஸு அந்த கேட்டத் தாண்டித்தான் போவும். 'சித்தி, அம்மா நெஜமாவே கழட்டிச்சா?'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

குமுதினி பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நீட்டினாள். அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது: உலோகப் பொருள்களைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். அவளே எழுதி மாட்டியது. அளவீட்டில் பிழை வந்துவிடக் கூடாது என்பதற்காக, இந்த அறை கட்டிய நாளிலிருந்து எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம்.

வெண்ணிலா கம்மலைக் கழற்றிப் போட்டாள். மெட்டியைக் கழற்றிப் போட்டாள். "கயித்த மட்டும் கழட்ட மாட்டேன்" என்றாள்.

"நூல்தானே, இருக்கட்டும்."

மஞ்சள் கயிற்றில் பொன் இல்லை, ஒரு மஞ்சள் கிழங்குதான் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் தொங்கிய ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டில் வைத்தாள். ஆறு ஊக்குகள், ஒரு பூட்டுச் சாவி.

நீலக் கூர்களுக்கு நடுவே முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். வெளியே திரையில் பொட்டின் அலைகளைக் காட்டும் கோடு ஓடியது. கனத்த அலையிலிருந்து நுண்ணிய அலை வரைக்கும், எங்கும் தொய்யாத, பாடப்புத்தகத்தில் போடத்தக்க கோடு. நிமிர்ந்தால், குனிந்தால், கையை உயர்த்தினால், எல்லாவற்றுக்கும் அதே கோடுதான். உடல் உண்டு. ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. அப்படியென்றால் தேசம்மாள் கழற்றித்தான் விட்டாளா?

"போதும் வெண்ணிலா. வாங்க, டீ சாப்பிடலாம்."

வெண்ணிலா வாசலுக்கு வந்து தட்டை எடுத்தாள். கம்மலைப் போட்டுக்கொண்டாள். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் மாட்ட ஆரம்பித்தாள். வில்லை இன்னும் அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திரையை அணைக்கவில்லை.

நான்காவது ஊக்கில் கோடு நடுங்கியது. ஐந்தாவதில் நடுவே குழி விழுந்தது. ஆறாவது ஊக்கும் சாவியும் வில்லைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும், கோடு முழுக்கச் சரிந்து ஓரமாக ஒதுங்கியது. திரையின் மேல்மூலையில் எழுத்து சிவப்பாக மாறியது.

உடல் இல்லை.

வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், நான் இல்லியாம்."

*

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. ஊக்கைப் போட்டும் கழற்றியும் முப்பது தடவை பார்த்தாயிற்று. ஒரு தடவைகூட மாறவில்லை.

"எதுக்கு ஆறு ஊக்கு?" என்று கேட்டாள் குமுதினி.

"பின்ன? நீங்க குட்த்த யூனிபாரம் கோட்டுக்குப் பாக்கெட்டு வெச்சிக்கிறாங்களா? கீழ கெடக்கறத எதுனா எடுத்துச் சொருகிக்குவோம்னு பாக்கெட்டே வெக்கல. பெரிய ஊக்கு ரெண்டு வலை தெக்க. மத்த நாலு, கையுறை கிழிஞ்சா குத்திக்க, கால்ல எதுனா ஏறினா நெண்டி எடுக்க, தண்ணி பீச்சற குழா மூக்கு அடச்சிக்கினா குத்தி விட. சாவி லாக்கருது. வேற எங்க வெக்கறது? கீழ எறங்கற எல்லார் கழுத்துலயும் இதான் கீது."

"எல்லாருக்குமா?"

"அக்காக்கு ஏழு ஊக்கு." வெண்ணிலா கிளாஸைத் தள்ளி வைத்தாள். "மேடம், இத்த ரெண்டு வருஷமா சொல்றோம். உள்ள போய் வேல செஞ்சிட்டு வந்தா 'உடல் இல்லை, வில்லையைக் கழட்டிட்ட'ன்னு அரை நாள் ஆப்சென்ட் போடறாங்க. கழுத்துலதான் சார் கீதுன்னு இழுத்துக் காட்டினா, 'மெஷின் பொய் சொல்லுமா, நீ சொல்லுவியா?'ன்றாங்க. எத்தினி மனு குட்த்தோம் தெரியுமா?"

குமுதினி தேடிப் பார்த்தாள். ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு மனுக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஒரே வாக்கியம்: வில்லையைச் சரியாக அணியவும். எழுதியதும் ஒரு இயந்திரம்தான். எந்த மனிதரும் அந்த மனுக்களைத் திறந்ததாகவே குறிப்பு இல்லை.

"இது எப்டி மேடம் ஆவுது? ஊக்குக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

குமுதினி கொஞ்சம் யோசித்தாள். "உள்ளங்கை அளவுல ஒரு மேளம் செஞ்சா கீச்சுன்னுதான் சத்தம் வரும். கனத்த சத்தம் வராது. ஆன்டெனாவும் அப்படித்தான். சின்னதா இருந்தா ஏதாவது ஒரு அலையிலதான் நல்லா பேசும். சுரங்கத்துக்கு அது போதாது. கான்கிரீட்டைத் தாண்ட ஒரு அலை வேணும், தண்ணியைத் தாண்ட இன்னொண்ணு, படம் அனுப்ப வேறொண்ணு. எல்லாத்தையும் ஒரே பொட்டுல அடக்கச் சொன்னாங்க. யாராலயும் முடியல. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பொட்டு ஆன்டெனாவுல பாதிதான். மீதிப் பாதியா, மாட்டியிருக்கிறவங்க உடம்பையே எடுத்துக்கிட்டேன். உடம்புல உப்பும் தண்ணியும் இருக்கே, அலை அதுல ஓடும்."

"எங்களக் கேட்டீங்களா?"

"என்ன?"

"எங்க ஒடம்ப எடுத்துக்கினீங்களே, எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டு நாடுகளில் விருது கிடைத்திருந்தது. இந்தக் கேள்வியை எந்த மேடையிலும் யாரும் கேட்டதில்லை.

"இல்ல" என்றாள் குமுதினி. "மீதிப் பாதி இருக்கா இல்லையான்னு பொட்டுக்கே தெரியும். அதனால வில்லை கழுத்துல இருக்கா, ஆணியில தொங்குதான்னு கண்டுபிடிக்கலாம்னு கம்பெனியில யோசனை வந்துச்சு. உடம்பு இல்லாம வர்ற அபாயக் குரலைத் தள்ளிடச் சொன்னாங்க. ஊக்குக் கொத்து பக்கத்துல இருந்தா பொட்டோட கணக்கு குழம்பிடுது. உடம்பு இல்லன்னு முடிவு பண்ணிடுது."

வெண்ணிலா மெதுவாகச் சொன்னாள். "மெஷின்ல பாதி நாங்க. அந்த மெஷினே எங்கள இல்லன்னு சொல்லுது. பதினோரு தபா அமுக்கிக்கீது. ஒரு மனுசன் காதுலயும் வுழல."

அவள் போன பிறகு குமுதினி பழைய சோதனை அறிக்கையைத் திறந்தாள். நான்கு வருடத்துக்கு முந்தையது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: அணிகலன்களின் விளைவு? அதற்கு நேரே ஒரு பதில்: புறக்கணிக்கத்தக்கது. கீழே கையெழுத்து, அவளுடையது. அன்று மாலை அவசரம். தன் கழுத்திலிருந்த மெல்லிய தங்கச் சங்கிலியைக் கழற்றி மாப்பிள்ளைக்கு மாட்டி, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிய பதில். கழுத்தில் மாட்டுவது என்றால் நகைதான் என்று நினைத்துவிட்டாள். பாக்கெட் இல்லாதவர்களுக்குக் கழுத்துதான் பாக்கெட் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள ஒரே ஒரு பெண்ணை அழைத்திருந்தால் போதும். அப்படி அழைத்திருந்தாலும் வாசலில் தட்டை நீட்டியிருப்பாள்.

*

கோகுல்நாத் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கோடு சரிந்ததைப் பார்த்தார். முகம் வெளிறியது என்றுதான் குமுதினிக்குத் தோன்றியது. ஆனால் அவர் வாயைத் திறந்தபோது குரல் சமனப்பட்டிருந்தது.

"நல்லா கண்டுபிடிச்சீங்க. அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம். இப்போதைக்கு ஒரு சுற்றறிக்கை விடுவோம். கழுத்துல எந்த உலோகமும் கூடாது. முடிஞ்சுது."

"அப்ப தேசம்மாள்?"

"அவங்க திரும்பி வரப்போறாங்களா?"

"அந்தச் சுவரொட்டி, சார்."

"குமுதினி, உட்காருங்க. இதே வில்லையை நாடு முழுக்க எடுத்துக்கப்போறாங்க. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு. இப்பவே விசாரணை மன்றத்துல நம்ம வில்லைதான். யார் இருக்காங்க, யார் பேசறாங்கன்னு பார்த்து அவைக்குறிப்பையே அது எழுதுது. வியாழக்கிழமை உங்ககிட்ட ஒரே கேள்விதான் கேப்பாங்க. பொட்டு வேலை செஞ்சுதா? செஞ்சுது. பதினொரு சிக்னலும் வந்து சேர்ந்திருக்கு. இதுல பொய் எங்க இருக்கு?"

"ஊக்கைப் பத்திக் கேட்டா?"

அவர் நிஜமாகவே வியந்து அவளைப் பார்த்தார். "ஊக்கைப் பத்திக் கேக்க யாருக்குத் தோணும்?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் குமுதினியைச் சுட்டது. இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும் சேர்த்து.

*

விசாரணை மன்றம் எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தலைவர் எட்வின் தேவசகாயம், ஓய்வுபெற்ற நீதிபதி. எழுபதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிற பழக்கம். உள்ளே வந்த எல்லோர் கழுத்திலும் வில்லை இருந்தது. கதவுக்கு மேலே ஒளிப்பலகை: அவையில் இருப்போர் 19.

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். வெண்ணிலா தன் மனுவில் எழுதிக் கொடுத்திருந்த குமுதினியின் சோதனை, ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு பெண்ணை வைத்துச் செய்தது என்றார். சுரங்கத்தில் நடந்ததற்கு அது சான்றாகாது என்றார். இறந்தவர்மேல் தங்களுக்கு மிகுந்த அனுதாபம் உண்டு, ஆனால் விதி விதிதான் என்றார். அனுதாபம் என்ற சொல்லை அவர் மூன்று முறை சொன்னதைக் குமுதினி கவனித்தாள்.

பின்வரிசையிலிருந்து வெண்ணிலா எழுந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

"உங்க முறை வரும்மா, உட்காருங்க" என்றார் வழக்கறிஞர்.

"மொறை வரட்டும் சார். அந்தப் பலகையில இன்னா போட்டுக்கீது? எனக்குக் கண்ணு தெரியல, படிச்சிச் சொல்லுங்க."

அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும். நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பத்தொன்பது."

"பின்னாடி கொஞ்சம் எண்ணிப் பாருங்கய்யா."

நீதிபதி எண்ணினார். பென்சில் நுனியை அசைத்து அசைத்து, உதடு முணுமுணுக்க. சுரங்கத்துக் கோட்டோடு வந்திருந்த நாற்பத்திரண்டு பெண்கள். பென்சில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

கோகுல்நாத் எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்தார்.

வெண்ணிலா நடுவழியாக நடந்து முன்னால் வந்தாள். கயிற்றிலிருந்து ஊக்குக் கொத்தையும் சாவியையும் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். 20.

பின்வரிசையில் யாரோ, "அய்யே, வெண்ணிலா பொறந்துட்டா!" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெண்ணிலா கையை நீட்டினாள். நீட்டியது நீதிபதியிடம் அல்ல, குமுதினியிடம். ஊக்குகள் அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன. குமுதினி அவற்றை வாங்கினாள். நான்கு வருடத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு மாட்டிப் பார்த்த அதே தங்கச் சங்கிலியில் ஒவ்வொன்றாகக் கோத்தாள். ஒன்று விரலில் குத்தி ரத்தம் வந்தது.

பலகை 19 என்றது.

"அம்மா, வில்லை உங்கள் கழுத்திலேயே இருக்கிறதே. நான் பார்க்கிறேனே" என்றார் நீதிபதி.

"இருக்கிறது ஐயா. ஆனால் நான் இல்லை."

"சொல்லுங்கள்."

சொன்னாள். பொட்டு எப்படி வேலை செய்கிறது, ஊக்கு ஏன் அதைக் குழப்புகிறது, கோட்டுக்கு ஏன் பாக்கெட் இல்லை, மனுக்கள் எத்தனை. தேசம்மாள் வில்லையைக் கழற்றியதற்கு எந்தச் சான்றும் இல்லை, பட்டியை வெள்ளமே அறுத்திருக்கும், நாற்பது நொடி காத்திருந்து அழுத்தியது தண்ணீர் அல்ல என்று சொன்னாள். கடைசியாக முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து, அந்த ஒற்றைச் சொல்லை உரக்கப் படித்தாள். அடியில் இருப்பது என் கையெழுத்து என்றாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. வேலை போகும், விருது போகும், வழக்கும் வரலாம். வந்தால் வரட்டும்.

*

மறுநாள் காலை கோகுல்நாத்திடமிருந்து அழைப்பு. திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி.

"அவைக்குறிப்பைப் பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல. நீங்க பேசவே இல்ல."

"புரியல சார்."

"பாருங்க, புரியும். திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடுங்க."

திறந்து பார்த்தாள். வழக்கறிஞரின் அனுதாபங்கள் மூன்றும் முற்றுப்புள்ளி மாறாமல் இருந்தன. அதற்குப் பிறகு குறிப்பு இப்படி ஓடியது.

வழக்கறிஞர்: உங்க முறை வரும்மா, உட்காருங்க.

(அமைதி)

தலைவர்: பத்தொன்பது.

(அமைதி)

தலைவர்: அம்மா, வில்லை உங்கள் கழுத்திலேயே இருக்கிறதே. நான் பார்க்கிறேனே.

(அமைதி)

தலைவர்: சொல்லுங்கள்.

(அமைதி, பதினேழு நிமிடம்)

தலைவர்: இதை எழுதியது நீங்களேதானா?

(அமைதி)

தலைவர்: தண்ணீர் கொடுங்கள் அவருக்கு.

உடல் இல்லாதவருக்குக் குரலும் இல்லை என்று இயந்திரம் முடிவு செய்திருந்தது. குமுதினி சொன்ன ஒவ்வொரு சொல்லையும், அவள் ஒப்புக்கொண்ட தவறையும், தள்ளிவிட்டிருந்தது. அவளைக் குற்றத்திலிருந்து காப்பாற்றியது அவளுடைய பொட்டேதான்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. திங்கட்கிழமை வழக்கம்போலப் போகலாம். அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பு எழுந்தது. தேசம்மாளைக் கொன்றதும் இதே அமைதிதானே?

கைபேசி மறுபடி ஒலித்தது. வெண்ணிலா.

"மேடம், என் பேரு வந்துக்கீது! ஊக்க உங்ககிட்ட குட்த்த அப்பறம் என் மொறையில நான் பேசினது அத்தினியும் அப்டியே. 'தூய்மைப் பணியாளர் வெண்ணிலா'ன்னு. அக்கா பொண்ணு படிச்சிக் காட்டிச்சி." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களத்தான் காணோம். எங்க கீறீங்க?"

"இங்கதான் இருக்கேன் வெண்ணிலா."

"இந்தத் தாளுல இல்லியே."

"ஆமா."

"கடைசிப் பக்கத்தப் பாத்தீங்களா? ஐயா கையால இன்னாமோ கிறுக்கிக்கிறாரு."

குமுதினி கடைசிப் பக்கத்துக்குப் போனாள். குறிப்பு சரி என்று தலைவர் கையெழுத்திட வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. அதன் ஓரத்தில், பென்சிலில், முதியவரின் சாய்ந்த எழுத்து: நேற்று பதினேழு நிமிடம் நான் யார் பேசக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று யாராவது எனக்கு எழுதித் தரும் வரை, இதில் கையெழுத்திட மாட்டேன்.

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். கையால் எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ, முதல் எழுத்தே கோணிக்கொண்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'தேசம்மாள் வில்லையைக் கழற்றவில்லை.'

எழுதி முடிக்கும்போது ஏழு பக்கம் ஆகியிருந்தது. தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். குத்தி வைக்க ஏதாவது கிடைக்குமா என்று மேசையைத் துழாவினாள், கிடைக்கவில்லை. பிறகு நினைவு வந்து, கழுத்திலிருந்து பெரிய ஊக்கு ஒன்றைக் கழற்றி, ஏழு பக்கங்களையும் சேர்த்துக் குத்தினாள்.